பால் இழுக்காத பிள்ளையும் ஏழு நாள் ஊசியும்

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் வட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லியில் ஜீப் பிடித்தாக வேண்டும். தமிழ்நாட்டு மண்ணிலேயே போவதானால் குரங்கணிப் பக்கமிருந்து கால்நடைதான். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு மூணாறு தேயிலையைக் கீழே இறக்க டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கயிற்றுப்பாதை போட்டிருந்தார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் இறங்கின. கூலியாட்கள் அப்போதும் நடந்தார்கள். இன்றும் போடி, பெரியகுளம் பக்கத்து மலைக்கிராமங்கள் சிலவற்றில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள்.

புவியியலிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவினால் எந்த மருந்தைக் கொடுப்பது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது: ஆம்பிசிலின் அல்லது பென்சிலின், அதோடு ஜென்டாமைசின். எத்தனை மணி நேரத்துக்குள், யார் கையால், எத்தனை நாள் என்ற கேள்விகளுக்குத்தான் பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. இந்த ஏலமலைச் சரிவில் அது வீட்டுக்கு வீடு மாறும்.

பெரியவர்களுக்கு வரும் தொற்றுபோல இது ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உடம்பு சில்லிட்டும் போகலாம். நேற்றுவரை முட்டி முட்டிக் குடித்த பிள்ளை இன்று பால் இழுக்கவில்லை, அழுகை முனகலாகிவிட்டது, எழுப்பினாலும் கண் திறக்க மாட்டேன் என்கிறது. முதல் நாளில் பல வீடுகளில் தெரிவது இவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் கிராமப் பணியாளர்களுக்காக வகுத்த அபாய அறிகுறிகளும் இதிலிருந்து அதிகம் விலகியவையல்ல. பால் குடிக்காமை, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுதல், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட சூடு, 35.5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி, தூண்டினால் மட்டும் அசைதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் கடுமையான பாக்டீரியத் தொற்றாக இருக்கக்கூடும் என்று கொண்டு உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

மலைக்கு வந்தால் இந்தப் பட்டியலிலேயே ஒரு சிக்கல் முளைக்கிறது. கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல். மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் தகரக் கூரை லயத்தில் நனைந்த துணியோடு கிடக்கும் பிள்ளையின் உடல் வெறும் குளிராலும் 35.5க்குக் கீழே இறங்கும். தொற்றாலும் இறங்கும். பிரித்தறிய எளிய வழி, தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைத்துக் கதகதப்பூட்டி மறுபடி அளந்து பார்ப்பதுதான். சூடு ஏறிப் பிள்ளை பாலும் குடித்தால் நிம்மதி. ஏறாவிட்டால் தொற்று என்றே கொள்ள வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் பாட்டியின் புறங்கைதான் கருவி. அது மோசமான கருவி அல்ல. கால் சில்லென்றிருந்து வயிறு சூடாக இருந்தால் பிள்ளைக்குக் குளிர் ஏறத் தொடங்கியிருக்கிறது என்று மருத்துவப் பாடநூல்களும் சொல்கின்றன.

பாட்டிமாரைக் குறை சொல்வது நம் சுகாதாரக் கட்டுரைகளுக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. பால் குடிக்காத பிள்ளையை, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவதும், வசம்பும் மாசிக்காயும் உரைத்துச் சங்கில் ஊற்றுவதும் மதுரை, தேனி வட்டாரத்தில் இன்னும் உண்டு. சங்கும் உரைகல்லும் கிருமியைக் கொண்டுவரும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய கேடு, அதில் கழிந்துபோகும் அரை நாள். ஆனால் அரை நாளை விழுங்குவது தொக்கம் மட்டுமல்ல. கணவர் தோட்டத்திலிருந்து திரும்பக் காத்திருப்பதும், ஜீப் வாடகைக்குக் கடன் கேட்பதும், கீழே போனால் எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் நிற்பதும் அதே அளவு நேரத்தைத் தின்னும். தொக்கம் எடுப்பவர் பக்கத்து லயத்திலேயே இருக்கிறார், கூப்பிட்டால் வருகிறார். மருத்துவத்துறை அவரிடம் தோற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

மருந்துக்கு வருவோம். ஆம்பிசிலின் 1961இல் பிரிட்டனின் பீச்சம் நிறுவனத்தில் பிறந்தது. ஜென்டாமைசின் 1963இல் மைக்ரோமோனோஸ்போரா என்ற மண்ணுயிரியிலிருந்து பிரிக்கப்பட்டது. முன்னது பாக்டீரியத்தின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அந்த ஓட்டை வழியே பின்னது உள்ளே நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமை முடக்குகிறது. சேர்ந்து வேலை செய்யும்போது இரண்டின் கூட்டுத்தொகையைவிட விளைவு அதிகம். விலை மலிவு, அரசுக் கிடங்குகளில் எப்போதும் இருப்பவை.

பச்சிளங்குழந்தையை எடையைக் குறைத்துப் போட்டுப் பார்த்த சிறிய மனிதனாக நினைத்ததற்கு மருத்துவம் கொடுத்த விலை பெரிது. 1956இல் அமெரிக்காவில் வில்லியம் சில்வர்மனும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்கக் கொடுத்த பென்சிலின்–சல்பா கூட்டு மருந்து சாவை அதிகமாக்கியது தெரிந்தது. சல்பா மருந்து ரத்தப் புரதத்திலிருந்து மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபினைத் தள்ளிவிட, அது மூளையில் போய்ப் படிந்திருந்தது. 1959இல் குளோராம்பெனிகால் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததன் காரணம் வெளிவந்தது: அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் முதிர்ச்சி அவர்களின் ஈரலுக்கு இல்லை. இன்று ஊருக்கு ஊர் தாராளமாகப் புழங்கும் செப்ட்ரியாக்சோனும் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கு ஆகாது. கால்சியம் ஏறும் குழந்தைக்கு அறவே கூடாது. ஜென்டாமைசினுக்கும் குற்றப்பட்டியல் உண்டு. அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். மைட்டோகாண்டிரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சரியான அளவே காது கேளாமையில் முடியக்கூடும்.

ஊசி போடும் கைக்கு இதெல்லாம் ஒரு கணக்காக வந்து சேர்கிறது. கடையில் கிடைக்கும் ஜென்டாமைசின் குப்பி பெரும்பாலும் 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம், பெரியவர்களுக்கானது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கொண்டால் மூன்று கிலோப் பிள்ளைக்கு 15 மில்லிகிராம், அதாவது அரை மில்லிலிட்டர்கூட இல்லை. எடை சரியாகத் தெரிய வேண்டும். நுண்கோடுள்ள ஒரு மில்லிலிட்டர் ஊசிக்குழல் வேண்டும். விளக்கு வெளிச்சம் வேண்டும். பிள்ளையைத் தூளியில் போட்டு எடை பார்க்கும் தொங்கு தராசு மலையேறிப் போகிறதா என்பதும் மருந்தியல் கேள்விதான்.

இந்த ஊசியை மருத்துவர் அல்லாதவர் கிராமத்திலேயே போடலாமா? பதில் மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான கட்சிரோலியிலிருந்து வந்தது. அபய் பங், ராணி பங் தம்பதியர் நடத்தும் 'சர்ச்' அமைப்பு, ஓரளவு படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்க வைத்தது. தொற்று தெரிந்தால், மருத்துவமனைக்குப் போக மறுக்கும் குடும்பங்களில் அந்தப் பெண்களே ஜென்டாமைசின் ஊசி போட்டு, கோட்ரைமாக்சசோல் மருந்தை வாய்வழி கொடுத்தார்கள். 1999இல் லான்செட்டில் வெளிவந்த முடிவு பலரை நிமிர வைத்தது. மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக்கு வைத்த கிராமங்களோடு பார்க்கையில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. தொற்று கண்ட குழந்தைகளில் இறந்தோர் விகிதம் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாக இறங்கியிருந்தது. ஆயா, தாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் கையில் ஊசியா என்று முகம் சுளித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அதன் பிறகும் அரசு வழிகாட்டுதலாக மாற ஒன்றரைப் பத்தாண்டு பிடித்தது. 2014இல் இந்திய சுகாதார அமைச்சகம், குறிப்பிட்ட சூழல்களில் துணைச் செவிலியர்கள் ஜென்டாமைசின் போடலாம் என்று விதி வகுத்தது. முதல் ஊசியும் அமாக்சிசிலின் மருந்தும் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். போக முடியாதென்றாலோ குடும்பம் மறுத்தாலோ ஏழு நாளும் அவரே தொடரலாம். ஆப்பிரிக்காவிலும் வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் நடந்த பெரிய ஆய்வுகளை வைத்து 2015இல் உலக சுகாதார நிறுவனமும் இதே திசைக்கு வந்தது. கூடவே ஒரு சலுகையையும் சேர்த்தது: வாய்வழி அமாக்சிசிலின் ஏழு நாள் தொடருமானால், ஊசி இரண்டு நாளோடு நிற்கலாம். வலிப்பு வந்த, நினைவு தப்பிய, பால் அறவே குடிக்க முடியாத பிள்ளைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அந்தப் பிள்ளை மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை கிராம சுகாதார செவிலியரின் தோளில் விழுகிறது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது இந்திய அளவுகோல். சமவெளியில் 3,000 பேர் இரண்டு தெருவில் அடங்குவார்கள். கொட்டகுடி ஊராட்சியில் அதே மக்கள்தொகை மலை முழுவதும் சிதறிக் கிடக்கும். ஒரே பிள்ளைக்காக ஏழு நாள், ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குவது என்றால் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? இரண்டு நாள் ஊசி என்ற சலுகை ஜெனீவாவில் எழுதப்பட்டாலும் அதன் முழு அருமை தெரிய இந்த மலையிலுள்ள முதுவாக்குடிக்கு நடந்து பார்க்க வேண்டும்.

மாநிலச் சராசரியைக் காட்டி இதெல்லாம் தீர்ந்த கதை என்று சொல்பவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 20 பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது தமிழ்நாட்டில் 9, கேரளத்தில் 4. பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் சராசரிக்கு மேடு பள்ளம் தெரியாது. போடி நகரத் தெருவில் பிறந்த பிள்ளையும் மலைமேல் சென்ட்ரல் என்ற குடியிருப்பில் வளரும் பிள்ளையும் அந்த ஒன்பதுக்குள் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள்.

இனி, மலைச்சரிவு பற்றி யோசிக்கும் எவரையும் வியக்க வைக்கும் ஒரு செய்தி. வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான் மூன்றிலும் 63,000 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த 'அனிசா' ஆய்வு 2018இல் லான்செட்டில் வந்தது. அதன் இந்தியக் களங்களில் ஒன்று நம் வேலூர். கடுமையான தொற்று என்று சந்தேகிக்கப்பட்ட நிகழ்வுகள் 6,000க்கு மேல். அவற்றில் 28 சதவீதத்துக்குத்தான் காரணக் கிருமியைச் சுட்ட முடிந்தது. அதிலும் கணிசமான பங்கு வைரஸ். தனிக்கிருமிகளில் முதலிடம் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு. அப்படியானால் ஆன்டிபயாடிக் வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு அது தேவையே பட்டிருக்காது. ஆனால் யாருக்குத் தேவையில்லை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இறந்த குழந்தைகளில் காரணம் தெரிந்தவர்களுக்கு வந்ததோ பெரும்பாலும் பாக்டீரியம்தான். என்னை நிறுத்திய தகவல் வேறு. ரத்தத்தில் வளர்ந்த 102 பாக்டீரிய மாதிரிகளில் 85, பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் இவற்றில் ஏதேனும் ஒன்றுக்காவது பணிந்தன. ஊர்ப்புறத்தில் பழைய ஊசி இன்னும் செத்துவிடவில்லை.

இதற்குப் பக்கத்தில் டெல்லியை வையுங்கள். மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். முன்னணிக் கிருமிகள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும் கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளை எதிர்த்து நின்றன. மருந்துக் கூட்டம் குவிந்து கிடந்த இடத்தில் மருந்து தோற்றது. மூன்று நாளுக்குள் நோயுற்ற குழந்தைகளிடமும் பிறகு நோயுற்றவர்களிடமும் ஒரே வகைக் கிருமிகள் இருந்தன என்பது இன்னும் சங்கடமான உண்மை. தாயிடமிருந்து வந்திருக்க வேண்டியவை என்று நாம் நினைத்தவையும் பிரசவ அறையின் கைகளிலிருந்தும் உறிஞ்சு குழாய்களிலிருந்தும், பலருக்குப் பங்கிட்ட குளுக்கோஸ் புட்டிகளிலிருந்தும் வந்திருக்கலாம்.

எதிர்ப்பின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கார்பபெனெம் என்னும் உயர்வகை மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதியின் பரவலை 2010இல் விரித்துக் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். நொதியின் பெயரில் (என்.டி. என்றால் நியூ டெல்லி) டெல்லி இருந்ததால் எழுந்த கோபத்தில், கட்டுரை சொன்ன செய்தியைக் கேட்க நாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. எதிர்ப்புக் கிருமித் தொற்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பச்சிளங்குழந்தைகள் இந்தியாவில் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீடுதான், கணக்கெடுப்பல்ல. இன்று பெரிய மருத்துவமனைகள் மெரோபெனெம், கோலிஸ்டின் என்று கடைசிப் படிகளில் நிற்கின்றன. பாஸ்போமைசின், புளோமாக்செப், அமிகாசின் போன்ற பழைய மருந்துகளைப் புதிய சேர்க்கைகளில் சோதிக்கும் 'நியோசெப்1' ஆய்வு ஆப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது. புதிய மருந்து செய்யாமல் பழையதையே கலந்து பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம் எளிது: ஒரு மாதக் குழந்தையின் ஏழு நாள் சிகிச்சையில் எந்த மருந்து நிறுவனத்துக்கும் லாபம் இல்லை.

அப்படியானால் மலையில் பழைய ஊசி பலிக்கும், சமவெளி ஆஸ்பத்திரியில் பலிக்காது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. மலைப்பிள்ளையும் கீழேதான் பிறக்கிறது. இரண்டு மூன்று நாள் வார்டில் கிடந்து, அங்குள்ள கிருமிகளைத் தோலிலும் குடலிலும் குடியேற்றிக்கொண்டு மலையேறுகிறது. எட்டாம் நாள் அது பால் இழுக்காமல் போனால் எதிர்கொள்வது மலைக் கிருமியா வார்டுக் கிருமியா என்பதைச் சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆகவே துணைச் செவிலியரின் ஜென்டாமைசின் எவ்வளவு காலம் வேலை செய்யும் என்பது மலையில் தீர்மானமாவதில்லை. கீழே பிரசவ வார்டில் கை கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதில் தீர்மானமாகிறது.

மருத்துவமனையின் இன்னொரு கடமை பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்: நிறுத்துவது. ரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்கிய பிள்ளை, 48 மணி நேரத்தில் கிருமி வளராமலும் நலமாகவும் இருந்தால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து நாள் ஓட்டுவது பாதுகாப்பு அல்ல. மிகக் குறைந்த எடைக் குழந்தைகளில் தேவையற்ற ஒவ்வொரு கூடுதல் நாளும் குடல் அழுகல் நோய்க்கான வாய்ப்பை உயர்த்துவதாக 2009இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூளைக்காய்ச்சல் இருந்தால் மட்டும் கதை மாறும். அங்கே இரண்டு மூன்று வாரம் தேவைப்படும், ஜென்டாமைசின் மூளைத் தண்ணீருக்குள் சரியாக நுழையாததால் மருந்தும் மாறும்.

நோயே வராமல் தடுக்கும் வழிகளில் சில வியப்பூட்டுகின்றன. ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளுக்கு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏழு நாள் வாய்வழி கொடுத்த ஒரு நல்ல பாக்டீரியமும் அதற்கான உணவும் தொற்றையும் சாவையும் சேர்த்து 40 சதவீதம் குறைத்தன. பிறந்த உடனேயே எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்து வைத்தால் சாவு 25 சதவீதம் குறைகிறது என்று 2021இல் ஐந்து நாடுகளின் ஆய்வு சொன்னது. இந்தியாவும் அதில் உண்டு. கொழுக்குமலைக் குளிருக்கு இரண்டாவது வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஏலமலைக்கே உரிய சிக்கல் மாநில எல்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். சிலர் அங்கேயே தங்குகிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு இறங்குவது வழக்கம். பதிவும் தடுப்பூசியும் தமிழ்நாட்டில். காய் பழுக்கும் பருவத்தில் கைக்குழந்தையோடு மறுபடி மேலே போய்விட்டால், போடியில் இருக்கும் செவிலியர் குழந்தையைத் தேடி வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மேலே இருக்கும் கேரளச் செவிலியரின் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரே இல்லை. தோட்டங்களுக்கு இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இரண்டு பட்டியலும் கிடையாது. ஏழு நாள் ஊசியில் மூன்றாம் நாள் எல்லை தாண்டிய பிள்ளைக்கு நாலாம் நாள் ஊசி யார் பொறுப்பு என்ற கேள்வி, 2014 வழிகாட்டுதல் எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்திருக்காது.

மருந்துக்கடையும் எல்லைக்கு எல்லை மாறுகிறது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்கக் கேரளம் 2024இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைச் சோதனைகளைத் தொடங்கியது. மலையிறங்கி ஒரு மணி நேரத்தில் வரும் ஊர்களில் அந்தக் கெடுபிடி இல்லையென்றால், அரைப் புட்டி அமாக்சிசிலின் கேட்டு வாங்கும் பழக்கம் இடம் மட்டும்தான் மாறும். பால் இழுக்காத பிள்ளைக்கு அந்த அரைப் புட்டி பொய்யான நிம்மதி. ஊசி இல்லாமல் தனியாக அது போதாது. ஆனால் நோயை இரண்டு நாள் மறைத்து வைக்கப் போதும்.

தேனியும் இடுக்கியும் சேர்ந்து செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமல்ல. தாய் சேய் அட்டை எந்த மாநிலத்துடையதாக இருந்தாலும் அதைப் பார்த்து அடுத்த ஊசியைப் போடத் துணைச் செவிலியருக்கு எழுத்தில் அனுமதி, இரு பக்கச் செவிலியர்களும் அழைக்க ஒரே தொலைபேசி எண், போடிமெட்டிலும் இடுக்கிப் பக்கத்துப் பூப்பாறையிலும் ஜென்டாமைசினோடு சின்ன ஊசிக்குழலும் தொங்கு தராசும். முதல் ஊசி மேலேயே விழுந்துவிட்டால், தேனியைத் தாண்டி ஆண்டிபட்டிப் பாதையில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கு 108 வண்டியில் வரும் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளைக்கு எதிராக ஓடாது. ஏலக்காய் மூட்டை எல்லை தாண்டி போடி ஏலக் கூடத்துக்கு வந்துசேர ஒழுங்கான தாள்களும் வழிமுறையும் எப்போதோ உருவாகிவிட்டன.